கல்லுக்கும் மணலுக்கும் முன்னால் கணக்கு வரட்டும்

(திருவாலங்காட்டில் சமுதாயக்கூடம் கட்டப் பொருள் திரட்டும் கூட்டத்தில் மௌலவி ஒருவர் ஆற்றிய உரை)

 

நிக்காஹ் நடத்தவும், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும், மழை வெள்ளம் வந்தால் மதம் பாராமல் மக்களைத் தங்க வைக்கவும் ஒரு கூடம் வேண்டும் என்று கூடியிருக்கிறோம். ஒருவர் செங்கல் தருகிறேன் என்கிறார். ஒருவர் கம்பி தருகிறேன் என்கிறார். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் முதல் லோடு இறங்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இடத்தின் உரிமை சுத்தமா? வரும் பொருள் சுத்தமா?

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி எழுந்த வரலாற்றைப் பாருங்கள். ஹிஜ்ரத் செய்து வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தம். இலவசமாகவே தருகிறோம் என்றார்கள் சிறுவர்கள். நபிகளார் ஏற்கவில்லை; விலைக்கே வாங்கினார்கள். பிறகுதான் மேடு பள்ளம் சமன் செய்யப்பட்டது. அந்த நிலத்திலிருந்த பேரீச்ச மரங்களே கட்டடத்துக்கு உதவின. நபிகளாரே கல் சுமந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, அம்மார் (ரலி) இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். முதலில் உரிமை, பிறகு உழைப்பு. இதுதான் வரிசை!

எழுத்தின் அருமையை இந்த ஊரே சொல்லும். முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூரை இங்குள்ள கோயிலுக்குக் கொடுத்ததை, எல்லைகள் உட்பட, 31 செப்பேடுகளில் பொறித்து வைத்தான். 1905-இல் கிடைத்த அந்த ஏடுகள், ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும் யார், யாருக்கு, எதைக் கொடுத்தார் என்று சாட்சி சொல்கின்றன. நாமோ, "அவர் வாய்வார்த்தையாகச் சொன்னார்" என்று நிலத்தில் கடைக்கால் தோண்டுகிறோம்! கொடுத்தவர் மவுத்தான பின் வாரிசுகள் வந்து நின்றால் எதைக் காட்டுவீர்கள்?

2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃபு ஏற்படுத்த முடியாது. நீண்டகாலப் பயன்பாட்டால் மட்டுமே வக்ஃபு ஆகும் வழியும் இனி இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. ஆனால் பதிவு வேண்டும் என்பதை நிறுத்தவில்லை. சட்டத்தை எதிர்த்துப் போராடுவது நம் உரிமை. பத்திரத்தைச் சரியாக வைத்திருப்பது நம் கடமை. ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடாதீர்கள்.

வணிகச் சகோதரர்களே! கொசஸ்தலை ஆற்றில் இரவோடு இரவாக அள்ளிய மணல் பாதி விலைக்கு வரும் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். அது ஊரின் நிலத்தடி நீரைத் திருடுவது. பூண்டி ஏரிக்குத் தண்ணீர் தரும் ஆறு அது. சென்னையின் குடிநீரும் அதில் இருக்கிறது. அனுமதிச் சீட்டும் பில்லும் இல்லாத ஒரு கூடை ஜல்லியும் நமக்கு வேண்டாம். கடையில் விலை போகாத சரக்கை அல்லாஹ்வின் பெயரால் தள்ளிவிடவும் வேண்டாம். நாம் வாங்கத் தயங்கும் மட்டமான பொருளை தர்மம் செய்ய நாடக்கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. இறுகிப்போன சிமெண்ட் மூட்டையில் எழும் தூண், நம் பிள்ளைகளின் தலைக்கு மேல்தான் நிற்கும்!

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று வேலைகள். வரும் ஒவ்வொரு பொருளையும் எண்ணி, கொடுத்தவருக்கு ரசீது தந்து, பதிவேட்டில் ஏற்றுங்கள். மாதந்தோறும் வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் பலகையில் ஒட்டுங்கள். மூன்றாவது, மரம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஐப்பசி மழைக்கு முன் வேம்பும் புங்கமும் நடுங்கள். ஆலங்காடு என்ற பெயருக்காக ஆலங்கன்றைச் சுவரோரம் வைத்துவிடாதீர்கள். வேர் கடைக்காலைப் பெயர்த்துவிடும். ஒளு செய்யும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி மரங்களுக்கே விடுங்கள்.

பணக்காரர் பத்து லோடு தரலாம். கூலித் தொழிலாளி ஒரு நாள் உழைப்பைத் தரலாம். இரண்டும் ஒரே பதிவேட்டில் ஏறட்டும். அநாதையின் உரிமையும் ஆற்றின் மணலும் கலக்காத கட்டடமாக அது எழட்டும். நம் எண்ணத்தையும் உழைப்பையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக!