செதிலில் ஒட்டியிருந்த கணக்கு

திருகோணமலை மீன்சந்தையில் செதில் குவிந்து கிடக்கும் மூலையை நாம் வேகமாகக் கடந்துவிடுவோம். இன்று அங்கேதான் நமக்கு வேலை.

பிடுங்கிய செதிலில் மேற்றோல் கலங்கள் சில உயிரோடு ஒட்டிக்கொண்டு வரும். உகந்த திரவத்தில் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்தால், அவை செதிலை விட்டு ஊர்ந்து வெளியேறும். மீனுக்குக் காயம்பட்டால் விரைந்துவந்து புண்ணை மூடுபவையும் இவைதான். பிறை வடிவம், வளைந்த பக்கம் முன்னால். நிமிடத்துக்கு 10 மைக்கிரோமீற்றருக்கு மேலும் போகும். வடிவமும் குலையாது, திசையும் எளிதில் மாறாது. கணக்குப் போட இதைவிட நல்ல கலம் கிடைப்பது அரிது.

1984இல் உர்சுலா ஆய்ட்டனாயரும் மான்ஃப்ரெட் ஷ்லீவாவும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். இக்கலத்திலிருந்து பிரிந்த, கருவே இல்லாத துணுக்கும் அதேபோல நேராக ஊர்ந்தது! கட்டளையிடக் கரு இல்லை. அப்படியானால் திசையைக் காப்பது எது?

1993இல் ஜூலியட் லீ, ஜூலி தெரியோ முதலானோர் வடிவியலால் பதில் தேடினார்கள். விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் அவ்விடத்து விளிம்புக்குச் செங்குத்தாகத்தான் முன்னேறுகிறது. எல்லாம் ஒரே வேகத்தில் தள்ளினால் கலம் அகன்றுகொண்டே போகும். நடுவில் முழு வேகம், ஓரத்துக்குப் போகப்போகக் கோசைன் விகிதத்தில் குறைவு, இரு நுனியிலும் பூச்சியம் என்றால் பிறை பிறையாகவே நகரும். அழகான விடை. ஆனால் ஓரத்தில் ஏன் குறைகிறது?

அதற்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கின்னெரெட் கெரன், தெரியோ ஆகியோரோடு கணிதவியலாளர் அலெக்ஸ் மொகில்னரும் சேர்ந்தார். அவர்களது கணித மாதிரியின்படி, கலத்தைச் சுற்றிய மென்சவ்வின் பரப்பு மாறாது. அது இழுபட்டு நிற்கிறது. உள்ளிருந்து ஆக்டின் என்ற புரத இழைகள் அதைத் தள்ளுகின்றன. இழைகள் நடுவில் நெருக்கம், ஓரத்தில் ஐது. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஆள் கூடினால் ஒவ்வொருவர் கைக்கும் பாரம் குறைவு, வலை வரும்; ஆள் குறைந்தால் அப்படியே நின்றுவிடும். ஓரத்து இழைகள் அப்படித்தான் நிற்கின்றன. வடிவத்துக்கும் வேகத்துக்கும் என்ன உறவு என்று அந்த மாதிரி சொன்னதோ, நூற்றுக்கணக்கான கலங்களை அளந்தபோது அதுவே தெரிந்தது.

உயர்தரத்தில் கணிதப் பிரிவையும் உயிரியல் பிரிவையும் நாம் வேறு வேறு வகுப்பறைக்கு அனுப்பிவிடுகிறோம். இந்தக் கேள்வியோ இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது.

நம் வெண்குருதிக் கலங்களும் ஆக்டினின் தள்ளலால்தான் ஊர்கின்றன. ஆனால் அவை கணத்துக்குக் கணம் வடிவம் மாறுபவை. அவற்றுக்கான சமன்பாடுகளில் இன்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.