கட்டுமரம்: ஒரு சொல்லின் கடற்பயணம்

ஆங்கில அகராதியில் இடம்பெற்ற தமிழ்ச் சொற்களை எண்ணுவோர், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றோடு கட்டுமரத்தையும் தவறாது எண்ணுவர். ஆயின், அச்சொல் அங்கு எப்பொருளில் வாழ்கிறது என்று ஆராய்வோர் சிலரே.

கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதனுள் அடங்கும். இலக்கணம் கூறும் இவ்வுண்மையைக் கடற்கரையிலும் காணலாம். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். கடலுக்குச் செல்லுங்கால் மீண்டும் பிணைப்பர். அதில் ஆணிக்கு இடமில்லை. இடுக்குகளின் வழியே நீர் ஏறி இறங்குமாதலின் அது மூழ்குவதுமில்லை. சங்க இலக்கியம் சுட்டும் 'புணை'யும் இவ்வாறு பிணைத்த மிதவையே.

இக்கலத்தைக் கண்டு வியந்த அயலார் பலர். 1583இல் சாந்தோமுக்கு வந்த இத்தாலிய வணிகர் காஸ்பரோ பால்பி இதன் பெயரைக் குறித்துவைத்தார். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை ஆங்கிலேயர்க்கு அறிமுகப்படுத்தியது. துறைமுகம் அமையாத காலத்துச் சென்னையில், சீறும் அலைகளைக் கடந்து கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுசென்றோர் கட்டுமரக்காரர்களே.

கடல் கடந்த சொல் பொருள் திரிந்தது. 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் அமைத்த வெடிகலங்களுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. பின்னர் சண்டைக்காரப் பெண்ணையும் ஆங்கிலேயர் இச்சொல்லால் ஏசினர். 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரெஷாஃப் அமைத்த 'அமரில்லிஸ்' என்னும் பாய்ப்படகு நியூயார்க் போட்டியில் ஏனைய படகுகளை வென்றது. இரண்டு உடல்களை இடைச்சட்டங்களால் இணைத்த அத்தகைய படகே இன்று உலகம் அறியும் 'கேட்டமரான்'. அதன் வடிவம் பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணியை ஒத்தது. பெயர் மட்டுமே தமிழருடையது. அப்பெயரையும் தமிழில் எழுதுவோர் சிலர் ஆங்கில ஒலிப்பிலேயே எழுதுகின்றனர்.

அங்கே பெயர் வாழ, இங்கே பொருள் மறைந்து வருகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கட்டுமரங்கள் பல சிதைந்தன. அவற்றின் இடத்தைப் பெரிதும் கண்ணாடியிழைப் படகுகள் பெற்றன. கட்டும் கை ஓயுமாயின், அக்கையோடு வாழ்ந்த அணியம், கச்சான், கொண்டல், சோழகம் முதலிய சொற்களும் ஓயும். அயலார் அகராதியில் ஒரு சொல் ஏறியதைப் பெருமையாகப் பேசும் தமிழுலகம், தன் கரையிலுள்ள நூறு சொற்களைக் கேளாதிருத்தல் முறையன்று. அவற்றை மீனவர் வாய்மொழியிலிருந்தே கேட்டறிந்து பாட்டில் ஏற்றுதல் கவிஞர் கடன்.