பரீட்சையும் தலையெழுத்தும்

(சிவகாசிக்கு அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பள்ளிக்கூடப் பரீட்சையைப் பற்றியதாகும். சாமி, சடங்கு, ஜோசியம் ஆகியவைகளைப் பற்றிப் பேசுவோம் என்று எண்ணி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பிரம்மா நம் தலையில் எழுதிவிட்டான் என்பது எவ்வளவு புரட்டோ, அவ்வளவு புரட்டுதான் பத்து வயதுப் பிள்ளையின் வாழ்வை ஒரு பரீட்சைக் கடுதாசி எழுதிவிடும் என்பதும். முன்னதை நம்பாதே என்று சொல்லுகிற நாம் பின்னதை மாத்திரம் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்?

முதலில் சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009-இல் செய்யப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தில், எட்டாவது முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்று இருந்தது. 2019 ஜனவரியில் டில்லியில் அதைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் வருஷ முடிவில் பரீட்சை; தவறினால் இரண்டு மாதத்திற்குள் இன்னொரு பரீட்சை; அதிலும் தவறினால் நிறுத்தலாம்; நிறுத்துவதா இல்லையா என்பதை அந்தந்த மாகாண சர்க்கார் தீர்மானிக்கலாம் என்றார்கள். அதன்படி 2019 செப்டம்பரில் நம் தமிழ்நாட்டு சர்க்காரும் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவு போட்டது. உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கட்சிகளும் கூச்சல் போட்ட பிறகு, 2020 பிப்ரவரி 4-ந்தேதி அந்த உத்தரவு ரத்தாயிற்று. 2024 டிசம்பரில் டில்லி சர்க்கார் தன் சொந்தப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை நிறுத்திவைக்க விதி செய்தபோது, அது எங்களுக்கு வேண்டாம் என்று தமிழ்நாடு விலகி நின்றது.

இந்த விலகல் சரியா, தப்பா என்பதுதான் கேள்வி. போன வாரம் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர் நம்மைப் பார்த்து, “ஐயா, பெயிலாக்கினால்தானே பயலுக்குப் பயம் வரும்? எட்டாவது வந்தும் என் பேரனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லையே!” என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. இதை மழுப்பிப் பேச நமக்கு இஷ்டமில்லை.

பெரியவரே! பட்டாசு ஆபீசில் ஒரு வெடி நமுத்துப்போனால் என்ன செய்கிறார்கள்? மருந்து சரியாகக் கலந்ததா, காய்ந்ததா, திரி சரியா என்று பார்க்கிறார்களா, அல்லது வெடியைத் திட்டி மூலையில் உட்கார வைக்கிறார்களா? எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால், தவறினது சொல்லிக்கொடுத்த முறை. தண்டனை மாத்திரம் பிள்ளைக்கா? அதே வகுப்பில், அதே பாடத்தை, அதே மாதிரி இன்னொரு வருஷம் ஒப்பித்தால் புதிதாக என்ன வந்துவிடும்?

பரீட்சையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடித்து அதைச் சொல்லிக்கொடுக்க வாரந்தோறும்கூட பரீட்சை வைக்கட்டும். பிள்ளையை வடிகட்டி வெளியே தள்ளுகிற பரீட்சைதான் கூடாது என்கின்றோம்.

இந்த வட்டாரத்தில் பெயில் என்றால் என்ன அர்த்தம்? பட்டணத்து வக்கீல் மகன் பெயிலானால் அவன் வீட்டுக்கு டியூஷன் வாத்தியார் வருவார். நம் வீட்டுப் பிள்ளை பெயிலானால் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆபீசும்தான் அழைக்கும். விடிவதற்கு முன் ஆபீஸ் பஸ் ஊர் ஊராய் வந்து தூங்கி வழிகிற பிள்ளைகளை ஏற்றிப்போன காலத்தை இங்கு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் அனுபவித்திருப்பீர்கள்! குச்சி அடுக்கிய விரலுக்கு எழுத்து எங்கே வரும்? குழந்தைத் தொழிலாளரை மீட்க 1988-இல் மத்திய சர்க்கார் திட்டம் ஆரம்பித்தபோது சிவகாசி அதில் முன்னால் நின்றது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில்தான் 1996 டிசம்பர் 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் வேலை வாங்கிய முதலாளி கட்ட வேண்டுமென்று தீர்ப்புச் சொன்னது. இவ்வளவு பாடுபட்டு வகுப்புக்குள் கொண்டுவந்த பிள்ளையை, ஐந்தாவதில் ஒரு கடுதாசியைக் காட்டி வெளியே அனுப்புவதா?

தகுதி, திறமை என்று பேசுகிறவர்களை ஒன்று கேட்கின்றோம். 1953-இல் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டம் வந்தது. நாடே எதிர்த்து 1954-இல் அது ஒழிந்தது. அன்று முன்வாசல் வழியாக வந்த குலத்தொழில், இன்று பெயில் என்கிற பின்வாசல் வழியாக வரவேண்டுமா? அந்தத் திட்டத்தை எடுத்த காமராசர் இந்த விருதுநகர்க்காரர். சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். பரீட்சைக் கணக்குப்படி அவர் தகுதியற்றவர்! அவர்தான் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து மதியச் சோறும் போட்டார்.

பரீட்சை மோகம் புதிதல்ல. இங்கிலாந்தில் 1862-இல், பிள்ளைகள் எத்தனை பேர் பாசோ அதற்குத் தக்கபடிதான் பள்ளிக்கூடத்திற்குப் பணம் என்று விதித்தார்கள். விளைவு என்ன? பாடம் போய் உருப்போடுதல் வந்தது. 1890-களில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் 2015-இல், மூன்றாவது முதல் எட்டாவது வரை உள்ள சர்க்கார் பரீட்சையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் எழுதவில்லை. பெற்றோர்களே “எங்கள் பிள்ளை எழுதாது” என்று மறுத்தார்கள். அங்கே தகப்பன் தனியாக மறுக்க முடிகிறது. இங்கே கூலிக்காரத் தகப்பன் தலைமை உபாத்தியாயர் முன் நிற்கவே கூசுகிறான். ஆகையால்தான் அவனுக்காக சர்க்கார் மறுக்க வேண்டியதாயிற்று.

நம் ஜில்லாவுக்கும் ஒரு வார்த்தை. பொதுப் பரீட்சையில் பல வருஷம் முதலாவதாக வந்த ஜில்லா என்கிற பெருமை நமக்கு உண்டு. அது உபாத்தியாயர்களின் உழைப்பு, பாராட்டுகின்றோம். ஆனால் நூற்றுக்கு நூறு காட்டவேண்டுமென்கிற வெறி வந்தால், மந்தமான பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் சுலபமான வழி என்று எவருக்கும் தோன்றும். முதலிடத்தைப் பார்க்கிறபோது, அந்தக் கணக்கில் சேராமல் போன பிள்ளை எங்கே என்றும் கேளுங்கள்.

சரி, பெயில் இல்லை என்றவுடன் நம் வேலை தீர்ந்ததா? இல்லை. படிக்காமலே பாஸ் என்பதும் ஏழையை ஏமாற்றுவதேயாகும். சர்க்கார் மறுத்த பரீட்சையை இனி நாம் பள்ளிக்கூடத்திற்கு வைக்கவேண்டும். வாரம் ஒரு நாள் பிள்ளையைப் பத்திரிகையில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். வாசிக்க வரவில்லையா? பேனாவைச் சாமி பாதத்தில் வைக்காதீர்கள், கிரகம் சரியில்லை என்று ஜோசியனிடம் ஓடாதீர்கள், பள்ளிக்கூடத்திற்குப் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களே இருக்கவேண்டும் என்பது சட்டம். அங்கே கூசாமல் எழுந்து, “என் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை?” என்று கேளுங்கள். நாமும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்களல்ல. கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்று. 2016-இல் திருத்திய சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து வைத்திருக்கிறது. அந்தச் சந்தில் வீட்டுத் திண்ணைக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை வந்துவிடக்கூடாது. சாயங்காலம் பிள்ளையின் கையில் இருக்கவேண்டியது பசையல்ல, புத்தகம்.

தோழர்களே! தலையெழுத்து என்று ஒன்று இல்லை. இருப்பது கையெழுத்துத்தான். அதை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளுகிற வரையில் அவர்களை வகுப்பைவிட்டு இறக்க எவரையும் அனுமதியாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகின்றோம்.