கழுகுமலைப் பயணமும் காலை உணவும்



வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் தென்பாண்டி நாட்டிற்கு வழிபாட்டுப் பயணம் செல்லும்போது காண விழையும் இடம் கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கரிசல் காட்டின் நடுவே எழுந்து நிற்கும் அப்பாறையில் பார்சுவநாதரும் பாகுபலியும் அம்பிகை இயக்கியும் புடைப்புச் சிற்பங்களாகத் திகழ்கின்றனர். வெயில் ஏறுமுன் மலையேறி வணங்கி, அதன் பின்னரே உண்பது பலரது வழக்கம். பக்தியில் பிறந்த அவ்வழக்கம் நீரிழிவு உடையோர்க்கு இடராகும் தருணமும் உண்டு.

அறுபது வயது கடந்த ஒரு பெரியவரை எண்ணிப் பார்க்கலாம். முதல்நாள் மாலை 6 மணிக்குள் அவர் உணவை முடித்துவிட்டார். மறுநாள் காலை 7 மணிக்கு மலையடிவாரத்தில் நிற்கும்போது 13 மணி நேரம் கடந்துவிட்டது. ஆயினும் காலை மாத்திரையை மறவாது விழுங்கியிருக்கிறார்.

மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோர்க்கு இதனால் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை அத்தகையன அல்ல. உணவு வந்தாலும் வாராவிடினும் அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். ஊசிவழி ஏற்றும் இன்சுலினும் உணவுக்காகக் காத்திராது. மலையேறும் தசைகளோ தம் பங்கிற்குக் குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். இரண்டும் ஒருங்கே நிகழுங்கால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் தோன்றும். அதனை வெயிலின் களைப்பென்று உடன்வந்தோர் கருதிவிடுவதே பேரிடர்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் உடனே நின்று, 15 கிராம் குளுக்கோஸ் பொடியையோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ நீரில் கரைத்துப் பருகவேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். தேனை விலக்கிய சாவகர்க்கு இதில் குறையொன்றுமில்லை. 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பலர் பையில் இருக்கும். ஆனால் நிலக்கடலையின் கொழுப்பு, இனிப்பு குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஆதலின் முதலில் குளுக்கோஸ். தேறிய பின்னரே மிட்டாய்.

வருமுன் காப்பது இதனினும் நன்று. கதிரவன் எழுந்தபின் சிறிதளவு குதிரைவாலி உப்புமாவோ கம்பங்கூழோ உண்டு, அதன்பின் மலையேறலாம். கரிசல் மண் தந்த இத்தானியங்களும் மாவுச்சத்து உடையனவே. அளவு மீறினால் இவையும் சர்க்கரையை உயர்த்தும்.

மாலை நேரத்திற்கோ சமண ஒழுக்கமே துணைநிற்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர், இரண்டாம் வகை நீரிழிவு உடைய 41 பேரை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். நாளில் ஒருமுறை 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வோர் உணவிற்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்கு குறைத்தது. மாலை உணவிற்குப் பின் அப்பயன் மிகுதியாக, 22 விழுக்காடு அளவில் இருந்தது. மாலை 5 மணிக்கே உண்பவர்க்கு, தரையில் ஊரும் சிற்றுயிர்களைப் பார்த்து நடக்கும் வெளிச்சமும் எஞ்சியிருக்கும். எனினும் கடுமையான உழைப்பின் விளைவு இரவிலும் தொடரக்கூடும். அன்று படுக்குமுன் சர்க்கரையை அளந்து பார்த்தல் நலம்.

"நோன்பு என்னாவது?" என்று பெரியோர் வினவலாம். தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் பதினாறு பாவனைகளுள், ஆற்றலுக்கு ஏற்ற ஈகையும் ஆற்றலுக்கு ஏற்ற தவமும் இடம்பெற்றுள்ளன. ஆற்றலை அளந்தறிவதும் அறத்தின் பகுதியே. எனவே திருவிழா உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கண்டு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வதும், நோன்பு ஏற்கும்போதே ஆபத்துக் காலத்திற்கு விலக்கு வைத்துக்கொள்வதும் தவத்திற்கு இழுக்கல்ல. குடும்பத்தாரும் அப்பெரியவரை, "இன்னும் சிறிது பொறுங்கள்" என்று ஊக்குவியாது, "மாத்திரை உண்டீர்களா? உணவு உண்டீர்களா?" என்ற இரு வினாக்களையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

மலை எங்கும் போய்விடாது. உண்டு, இளைப்பாறி, மெல்ல ஏறுவோர்க்கும் பாறையில் அமர்ந்த அருகன் காட்சி தருவான்.