பழைய கப்சாயும் அதன் எண்ணெய்ப் பாதையும்

(ஜொகூர் தோட்ட மக்களுக்காக ஆற்றப்பட்ட உரை)



கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் விடியுமுன் நம்மைப் பெரட்டுக்கும், பின்னர் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டு சேர்ப்பது கப்சாய் மோட்டார் சைக்கிளேயாகும். 1958இல் ஜப்பானில் தோன்றிய ஹோண்டா சூப்பர் கப் வகையின் உற்பத்தி 2017இல் 10 கோடியை எட்டியது. பழைய 70 சிசி வண்டிகள் இன்றும் நம்மிடையே ஓடுகின்றன. அது நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றுவிடும். ஆதலின் அதன் எண்ணெய்ப் பாதையை நாம் அறிந்திருப்பது நலம்.

இயந்திரத்தின் அடியில் தேங்கும் எண்ணெயைச் சிறிய பம்பு ஒரு கம்பிவலை வழியாக உறிஞ்சி மேலே அனுப்புகிறது. தொடக்ககால 70 சிசி வகையில் கேம் தண்டு குண்டு பேரிங்கின்றி அலுமினியத் தலைப்பகுதியிலேயே நேராகச் சுழல்கிறது. எண்ணெய் ஏறாவிட்டால் முதலில் அழிவது அவ்விடமே. கார்களில் உள்ளது போன்ற காகித வடிகட்டி இதில் இல்லை. வலையைக் கடந்த நுண்கசடு கிளச்சின் முகப்பு மூடிக்குள் சுழற்சியால் ஒதுங்கி, விளிம்பில் களிமண்போல் இறுகிவிடும். எண்ணெயை மட்டும் மாற்றினால் இக்கசடு போகாது.

எண்ணெய் மாற்றுமுன் வண்டியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் கசடு கலந்து வெளியேறும். வடியும் எண்ணெயைப் பிடிக்கப் பழைய வாளி போதும். இல்லத்தரசியாரின் மீன் சட்டி வேண்டா! வடிகால் போல்ட்டை மீண்டும் பூட்டுகையில் வலிமையைக் காட்டுவோர் பலர். அலுமினியப் புரி கழன்றால் செலவு பன்மடங்காகும். எண்ணெய் அளவை, அளவுகோலைத் திருகாமல் வெறுமனே செருகியே பார்த்தல் வேண்டும். கிளச்சும் இதே எண்ணெயில் நனைவதால், காருக்குரிய வழுக்கு மருந்து கலந்த எண்ணெயைத் தவிர்த்து, ஜேசோ எம்.ஏ. குறியுள்ளதை வாங்குதல் நன்று.

வலையைக் கழுவ, உதைகம்பியையும் புகைக்குழாயையும் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறக்க வேண்டும். புதிய காகித கேஸ்கெட்டை முன்னரே வாங்கி வைத்திராதவர் மூடியைத் தொடாதிருப்பதே மேல். வலையில் சிக்கிய துகளைக் காந்தத்தால் தொட்டுப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு, ஒட்டாத வெண்துகள் பெரும்பாலும் அலுமினியம். துகள் மிகுதியாயின் அது பட்டறைக்குரிய வேலை. எல்லாம் பூட்டியபின் வால்வு மூடியைத் திறந்து, முகத்தை விலக்கிக்கொண்டு, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டால் உள்ளே எண்ணெய் நனைவது தெரிய வேண்டும். தெரியாவிடில் உடனே நிறுத்திவிடுக.

வடித்த கறுப்பெண்ணெயை வீட்டு முன் கால்வாயில் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அக்கால்வாய் ஆற்றில்தான் சேருகிறது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக் கழிவால் பாசிர் கூடாங்கில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றதையும், 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் நாம் அறிவோம். நமது வாளி எண்ணெய் அவ்வளவு கொடியதன்று. எனினும் 2005ஆம் ஆண்டு விதிகள் பயன்படுத்திய மசகு எண்ணெயையும் அட்டவணைக் கழிவென்றே வகுத்துள்ளன. அதை மூடியுள்ள புட்டியில் நிரப்பி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, அடுத்த முறை பட்டணம் செல்லுகையில் கழிவெண்ணெய் ஏற்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.