வல்லார் வீச்சும் கற்பவர் கண்ணும்

கோல்ஃப் ஆட்டத்தில் பந்து தரையில் அசையாமல் கிடக்கிறது. அதனை நம்மை நோக்கி எறிவார் யாரும் இலர். ஆடுபவருக்கு நின்று நிதானிக்க அவகாசமும் உண்டு. அவ்வாறிருந்தும், 46 கிராம் எடைகூட இல்லாத அச்சிறு பந்தை நினைத்த திசையில் செலுத்துவது, விரைந்து வரும் கிரிக்கெட் பந்தை அடிப்பதைவிடக் கடினம் என்று இரண்டையும் ஆடியவர்கள் சொல்லக் கேட்கிறோம். இதற்குக் காரணம் யாது?

மட்டையைப் பின்னே தோளுக்கு மேலாகக் கொண்டுசென்று, கீழிறக்கிப் பந்தைத் தாக்கி, மறுபுறம் சுழன்று முடிப்பதையே வீச்சு என்கிறோம். உச்சியிலிருந்து மட்டை பந்தை வந்தடைய ஏறக்குறையக் கால் விநாடி ஆகும். மட்டையின் முகம் பந்தைத் தொட்டிருக்கும் காலமோ, ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறளவே. இதற்கிடையே யோசிக்கவும் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. உடல் முன்னதாகவே கற்றிருக்க வேண்டும். அதனை யாரிடம் கற்பது?

வல்லார் ஒருவரைப் பார்த்துக் கற்பதே இவ்வாட்டத்தில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். 1930-ஆம் ஆண்டில் அக்காலத்துப் பெரும்போட்டிகள் நான்கையும் ஒருசேர வென்ற அமெரிக்கர் பாபி ஜோன்ஸ், சிறு பிராயத்தில் அட்லாண்டா நகரின் ஈஸ்ட் லேக் மைதானத்தில் ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரரின் பின்னாலேயே சுற்றி, அவர் வீசுவதைப் பார்த்துத் தாமும் அவ்வாறே வீசிப் பழகியவர். நம் நாட்டிலும் சான்று உண்டு. 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்த ஊழியர் ஒருவரின் மகன் எஸ். எஸ். பி. சௌரேசியா. முறையான பயிற்சி இன்றித் தாமாகவே ஆட்டத்தைக் கற்ற அவர், 2008-இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடைபெற்ற இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியிலும், 2016, 2017 ஆண்டுகளில் இந்தியன் ஓபன் போட்டியிலும் வென்றார். மட்டைப்பை சுமக்கும் பையன்களைக் 'கேடி' என்று அழைப்பர். (நம் ஊர்ப் பேச்சில் அச்சொல்லுக்குள்ள பொருளை இங்கே மறந்துவிடவேண்டும்!) அவர்களுள் பலர் பிற்காலத்தில் சிறந்த ஆட்டக்காரர்களானதற்கும், நாள் முழுதும் பார்த்துக்கொண்டே இருந்தது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் குழந்தையின் பார்வை வேறு. நாற்பது வயதில் மட்டையைத் தொடும் உத்தியோகஸ்தரின் பார்வை வேறு. குழந்தை முழு இயக்கத்தையும் அதன் தாளத்தோடு அப்படியே வாங்கிக்கொள்கிறது. நாமோ அதனைத் துண்டுதுண்டாக்கி, கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் ஒன்றைப் பற்றிக்கொள்கிறோம். இதனால் நேரும் சங்கடத்தை விளக்க பென் ஹோகனைவிடச் சிறந்த உதாரணம் இல்லை எனலாம்.

ஹோகன் 1912-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையை இழந்து, மட்டைப்பை சுமந்து வளர்ந்தவர். தொழில்முறை ஆட்டக்காரராகிப் பல ஆண்டுகள் அவர் வறுமையில் உழன்றார். அவருடைய பந்து புறப்பட்டபின் தாழ்ந்து இடப்பக்கம் வளைந்து ஓடியது. ஆட்டக்காரர்கள் இதனை 'ஹூக்' என்பர். பந்து அவ்வாறு ஓடும்வரை வெற்றியும் இல்லை, வருமானமும் இல்லை. தனித்து ஆடி அவர் முதற்பரிசு பெற்றது 1940-இல்தான்.

இக்குறைக்கு அவர் தாமே மருந்து கண்டார். இடக்கைப் பிடியைக் கைப்பிடியின்மேல் சற்று இடப்புறமாகத் திருப்பி அமைத்தார். மட்டை உச்சியை அடையும்போது இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகச் சிறிது மடக்கினார். இவ்விரண்டும் மட்டையின் முகத்தை வலப்புறம் திறந்து வைப்பவை. ஆகவே எவ்வளவு வேகமாக வீசினும் பந்து இடப்பக்கம் வளையாது. 1955-இல் 'லைஃப்' பத்திரிகையின் வாயிலாக அவர் இந்த இரகசியத்தை வெளியிட்டார். 1957-இல் அவருடைய ஐந்து பாடங்கள், ஆந்தனி ரவியெல்லி தீட்டிய சித்திரங்களோடு நூலாக வெளிவந்தன. கழுத்தைச் சுற்றித் தோள்களின்மேல் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடிப் பலகை இருப்பதாகவும், மட்டை அதனை உடைக்காமல் அதன் கீழே சென்றுவர வேண்டும் என்றும் அதில் காட்டப்படும் உவமை இன்றும் பயிற்சி மைதானங்களில் பேசப்படுகிறது.

உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அவரைப் பார்த்துப் பிடியை மாற்றினர். ஆனால் புதிதாக ஆடுபவரில் பெரும்பாலோரின் நோய் ஹூக் அன்று, அதற்கு நேர்மாறானது. அவர்களுடைய பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போகிறது. அதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். மட்டையின் முகம் ஏற்கெனவே திறந்திருப்பதே அதற்குக் காரணம். அதனை மேலும் திறக்கும் பிடியை மேற்கொண்டால் என்ன ஆகும்? காய்ச்சலுக்குத் தந்த மருந்தைக் குளிர்நோயாளி உண்ட கதைதான். தம் முறை சாதாரண ஆட்டக்காரருக்குப் பயன்படாது, கெடுதலே செய்யும் என்று ஹோகனே எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கையைச் செவிமடுத்தோர் சிலரே.

இன்னொன்றும் எண்ணிப்பார்க்கத் தக்கது. 1949 பிப்ரவரி 2-ஆம் நாள் ஹோகனின் கார்மீது பேருந்து ஒன்று மோதியது. இடுப்பெலும்பும் கழுத்துப்பட்டை எலும்பும் கணுக்காலும் முறிந்தன. இவர் இனி நடப்பதே அரிது என்று மருத்துவர்கள் அஞ்சினர். பதினாறு மாதங்களுக்குப்பின், கால்களில் கட்டுகளோடு, மெரியன் மைதானத்தில் 1950-ஆம் ஆண்டின் அமெரிக்க ஓபன் போட்டியை அவர் வென்றார். அப்போட்டியின் கடைசிப் பள்ளத்தை நோக்கி அவர் மட்டை வீசி முடித்த கோலத்தை ஹை பெஸ்கின் என்பவர் பின்னிருந்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அது காண்பதற்கு அழகிய படம்; பாடமாகக் கொள்வதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள நிலை வீச்சின் விளைவு. அதனை விளைவித்தவை அதற்கு முன் ஒரு விநாடிக்குள் நடந்து முடிந்துவிட்டன. கோலத்தை மட்டும் நகல் செய்து நிற்பவரைப் பயிற்சி மைதானங்களில் இன்றும் காணலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இக்காட்சி பழகியதே. மூலத்தின் சொல்வரிசை சிறிதும் பிசகாமல் வந்திருக்கும். பொருள் மட்டும் வந்து சேர்ந்திராது.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? முதலில் உங்கள் பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். அடுத்து, உடலமைப்பிலும் வயதிலும் உங்களை ஓரளவு ஒத்த ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். போட்டி நடக்கும்போது புள்ளிப்பலகையை விட்டுவிட்டுப் பயிற்சித் திடலுக்குச் செல்லுங்கள். இலக்கை நோக்கிய கோட்டில் ஆட்டக்காரருக்குப் பின்னே, தொலைவில் நின்று, பத்துப் பந்துகள் வரை பாதங்களை மட்டும் நோக்குங்கள். அடுத்த பத்துக்கு இடுப்பை நோக்குங்கள். கைகள் கீழிறங்கத் தொடங்குமுன்னரே இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்குவதை அங்கே காண்பீர்கள். நம்மவர் பெரும்பாலும் தோளையும் கையையும் முதலில் அவிழ்த்துவிடுகிறோம். மட்டை வெளியே தள்ளப்பட்டுப் பந்தைக் குறுக்கே வெட்டுகிறது. ஸ்லைஸ் பெரும்பாலும் இங்குதான் பிறக்கிறது. ஆகவே பிடியினும் முன்னதாகக் கற்க வேண்டியது இவ்வரிசையே.

1930-களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன், விட்டுவிட்டு மின்னும் விளக்கைக் கொண்டு வீச்சின் பல நிலைகளை ஒரே படத்தில் பதித்தபோது, அது விந்தையாகப் போற்றப்பட்டது. இன்று கையிலுள்ள தொலைபேசியே அவ்வேலையைச் செய்கிறது. வல்லாரின் வீச்சை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபின், அதே கோணத்தில் உங்கள் வீச்சையும் ஒருவரைக்கொண்டு படமெடுத்து, இடுப்பும் கையும் எது முன், எது பின் என்று மட்டும் ஒப்பிடுங்கள். பிறகு பந்தே இல்லாமல், கால் வேகத்தில், வீட்டு முற்றத்திலோ மாடியிலோ வீசிப் பழகலாம். மேலே மின்விளக்கு இருக்கிறதா என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.