முதல் வளைவு



எங்கள் பங்கின் இளையோர் சனிக்கிழமை மாலைகளில் இணையவழிக் கார் பந்தயம் விளையாடுகிறார்கள். மேசையில் பொருத்திய ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல்கள், காதில் ஹெட்போன். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று பார்க்க, உதவிப் பங்குத்தந்தையும் சேர்ந்து இருவராகப் போனோம். போனவர்களை மாறிமாறி உட்கார வைத்துவிட்டார்கள்.

களம், இத்தாலியின் மோன்ட்சா. 1922-இல் கட்டப்பட்ட பந்தயத் தடம் அது. நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் திடீரென்று வலம், உடனே இடம் என்று ஒடுங்கிய வளைவு. ஃபார்முலா 1 கார்கள் எட்டாம் கியரில் மணிக்கு 330 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து, அங்கே வெகுவாக வேகம் தணிகின்றன.

தனியாகப் பயிற்சி செய்தபோது 150 மீட்டர் பலகையைப் பார்த்து பிரேக் மிதித்தோம், அழகாகத் திரும்பியது. அந்த நம்பிக்கையோடு பந்தயத்தில் இறங்கினோம். அதே பலகை, அதே மிதி. ஆனால் கார் நிற்கவில்லை. முன்னால் போகும் கார்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், பின்னால் வரும் நாம் நம்மை அறியாமலே கூடுதல் வேகத்தில் வந்துவிடுகிறோம். டயர்களும் இன்னும் சூடேறவில்லை. முன்னே இருப்பவர் லேசாக பிரேக் பிடித்தாலும், வரிசையின் கடைசியில் இருப்பவர் ஏறக்குறைய நின்றேவிட வேண்டும். பதற்றத்தில், ஆறாம் கியரிலிருந்து இரண்டாம் கியர் வரை படபடவென்று இறக்கினோம். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் பம்பரமாய்ச் சுழன்று, பின்னால் வந்த மூவரையும் இழுத்துக்கொண்டு போனது.

ஹெட்போனில் ஒரு குரல் கேட்டது. எந்த நாட்டவரோ தெரியாது. கோபம்கூட இல்லை. இந்தப் பந்தயத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை எங்களுக்குத் திரையில் கார்கள்தான் தெரிந்தன.

பிறகு பையன்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். முதலில் பிரேக், அதுவும் கார் நேராக இருக்கும்போதே. வேகம் குறைந்து எஞ்சினின் இரைச்சல் இறங்கிய பின்தான் ஒரு கியர். மறுபடி இறங்கினால் இன்னொன்று. இறக்கும் கணத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சினும் சக்கரமும் ஒத்துப்போகும். கியரை பிரேக்காகப் பயன்படுத்தினால் வண்டி பழிவாங்கிவிடும். டவுன் பஸ் ஓட்டுநர்களுக்கு இதெல்லாம் பாலபாடம், எங்களுக்குத்தான் புதிது.

ஐரேசிங் என்ற விளையாட்டில், இரு கார்கள் பலமாக மோதினால் இருவருக்கும் தலா 4 குற்றப்புள்ளிகள். யார் தவறு என்று கேட்பதே இல்லை. 'இது அநியாயம் ஃபாதர்' என்றான் ஒருவன். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அதனாலேயே அடுத்தவர் தவறுக்கும் இடம்விட்டு ஓட்டக் கற்கிறார்கள். பந்தயம் முடிந்ததும் மோதலைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்போது பெரும்பாலும் தங்கள் தவறுதான் கண்ணில் படுகிறது. இரவு செபத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனைதான் நினைவுக்கு வந்தது.

நிசமான பந்தயங்களும் இதற்கு விலக்கல்ல. 2012-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், முதல் வளைவை நெருங்கும்போது ரொமேன் குரோஜான் பக்கத்தில் வந்த ஹாமில்டனுக்கு இடம்விடாமல் நெருக்கினார். மோதலில் குரோஜானின் கார் அலோன்சோவின் காருக்கு மேலாகப் பாய்ந்தது. பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் சில விநாடிகளில் வெளியேறினார்கள். உயிர் தப்பியதே பெரிது. குரோஜானுக்கு அடுத்த பந்தயத்தில் தடை. அந்தப் பந்தயம் நடந்த இடம் மோன்ட்சா.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். கடைசி வரிசை. 200 மீட்டர் பலகையிலேயே பிரேக், கியர் ஒவ்வொன்றாக. முன்னால் புகை, ஐந்தாறு கார்கள் குறுக்கும் நெடுக்குமாய் நின்றன. அவற்றுக்கிடையே மெல்ல நுழைந்து வெளியே வந்தோம். பதினான்காம் இடம். பையன்கள் கைதட்டினார்கள். உதவிப் பங்குத்தந்தை, இனி தன் முறை என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.